அரைப்பாலம்

1

இந்தக் கதை கால்பந்து மைதானத்தில், ஒரு வசவில் பிறந்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் ஏதோ ஆவணக் காப்பகத்தில் கண் பூத்துப் போகத் தேடி இதை எழுதியதாக யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம்.

லான்வெரியில் நான் டீக்கடை வைத்திருக்கிறேன். இங்கிலாந்தின் தென்மேற்கில், கார்ன்வால் மாவட்டத்தின் கிழக்கு ஓரம். ஊரைத் தாண்டினால் டேமர் ஆறு, ஆற்றைத் தாண்டினால் டெவன் மாவட்டம். கல்யாணமாகி இங்கே வந்த புதிதில் மழையைத் திட்டிக்கொண்டிருந்தேன். இப்போது இரண்டு நாள் சேர்ந்தாற்போல் வெயில் அடித்தால் திட்டுகிறேன். சனிக்கிழமைகளில் மைதானத்து ஓரத்தில் டீயும், இறைச்சி அடைத்துச் சுட்ட பாஸ்டியும் விற்பேன். போன பங்குனியில் எங்கள் அணி அக்கரை அணியிடம் வரிசையாக கோல் வாங்கிக்கொண்டிருந்தபோது அக்கரைக் கூட்டம் வழக்கமான பாட்டை ஆரம்பித்தது.

"அரைப்பாலம்! அரைப்பாலம்! பாதியில திரும்பு, அரைப்பாலம்!"

இத்தனை வருஷமாக அதைக் கேட்டுச் சிரித்துவிட்டு டீ ஊற்றிக்கொண்டிருந்தவள்தான் நான். அன்றைக்கு என் பக்கத்தில் லவ்டே ரன்டில் நின்றிருந்தார். ஊர் விழாக் குழுவின் தலைவி, எழுபதைத் தாண்டியவர், தேவாலயத்தில் பூ வைப்பவர். கையிலிருந்த கோப்பையை அப்படியே அந்தக் கூட்டத்தின் மேல் வீசினார். கோப்பை என்னுடையது.

"அக்கா! மன்னர் காலத்துச் சண்டை அது. எதுக்கு இவ்வளவு கோவம்?"

"எனக்கு நேத்து நடந்த மாதிரி இருக்குடி. பவளம், நீதான் கதை கிதைன்னு எதையாவது எழுதிட்டே இருக்கியே. நம்ம ஊர்ப்படையோட சரித்திரத்தை எழுதிக் குடு. விழாவுக்குப் பாலத்துல அந்தக் கதையை எழுதி ஆறு பலகை வைக்கப் போறோம். ஆறாவது பலகையில நம்மாளுங்க பாலத்தைத் தாண்டிப் போயி அவனுங்களை அடிச்சு நொறுக்கணும்."

"தாண்டினாங்களா?"

"தாண்டியிருப்பாங்க. தாண்டாம எங்க போயிருப்பாங்க?"

"வீட்டுக்குப் போயிருப்பாங்க."

"வீட்டுக்குப் போறதைப் பாக்க எவன் டிக்கெட் வாங்குவான்?" என்று கேட்டுவிட்டு, உடைந்த கோப்பைக்குக் காசு கொடுக்காமல் போய்விட்டார்.

2

முதல் வரியை மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன்.

'1642-ஆம் ஆண்டு மன்னருக்கும் நாடாளுமன்றத்துக்கும் போர் மூண்டபோது, லான்வெரியின் வீரப் புதல்வர்கள் தங்கள் இன்னுயிரைத் துச்சமென—'

[இல்லை. இந்த ஊரில் எவனும் எதையும் துச்சமென நினைத்ததில்லை. ஓட்டை வாளியைக்கூட எடுத்து வைத்துக்கொள்வார்கள்.]

'பனி மூடிய ஆற்றின் மேல், பழைய கற்பாலம் ஒரு—'

[ஒரு என்ன? பாலம் பாலமாகத்தான் இருக்கிறது. தினமும் அதன் மேல்தான் பால் வாங்கப் போகிறேன்.]

'பாஸ்கோ யூரன் பீப்பாய் செய்பவன்.'

இது நிற்கிறது, வைத்துக்கொள்கிறேன். பாஸ்கோ யூரனைக் கல்லறைத் தோட்டத்தில் தேடாதீர்கள், கிடைக்கமாட்டான். பெயர் நான் வைத்தது. அவன் மனைவி, அவன் கூட்டாளி, அவனுடைய கர்னல், இந்த ஊர், இந்தப் பாலம் எல்லாமே நான் சொல்வதுதான். நிஜத்திலிருந்து நான் எடுத்துக்கொண்டது ஒன்றுதான்: ஊர்ப்படை தன் மாவட்டத்துக்குள்தான் சண்டை போடும், எல்லை தாண்டாது என்று அக்காலத்து மனிதர்கள் உறுதியாக நம்பினார்கள். மன்னரே கூப்பிட்டாலும் அப்படித்தான்.

3

பாஸ்கோ யூரன் பீப்பாய் செய்பவன். ஆப்பிள் சாற்றைப் புளிக்க வைத்து சைடராக்கும் ஊர் அது. ஐப்பசி வந்தால் அவனுக்குச் சாப்பிட நேரம் இருக்காது. நாள் முழுக்க இரும்பு வளையத்தைச் சுற்றிச் சுற்றித் தட்டிக்கொண்டிருந்த கைகள் என்பதால், ஊர்க்காரர்கள் ஊர் முரசையும் அவன் கழுத்திலேயே மாட்டிவிட்டார்கள். அவன் அப்பன் கழுத்திலும் அதுவேதான் தொங்கியது.

படை என்றால் ஏதோ என்று நினைத்துவிடாதீர்கள். ஈட்டிகளும் துப்பாக்கிகளும் தேவாலயத்துக் கோபுர அறையில் மாட்டியிருக்கும். அவை ஊரின் சொத்து. கோடையில் சில ஞாயிறுகளில் பூசை முடிந்ததும் ஆளுக்கொன்றை எடுத்துக்கொண்டு, மைதானத்தில் இடம் வலம் திரும்பிப் பழகிவிட்டு, மதுக்கடைக்குப் போவார்கள். தலைக்கவசங்களில் ஒன்றில் சார்ஜண்ட் சாம்ப்ஸன் ஜாகோவின் கோழி முட்டையிட்டதும், முட்டை யாருக்குச் சொந்தம், ஊருக்கா ஜாகோவுக்கா என்று ஒரு குளிர்காலம் முழுக்க வழக்கு நடந்ததும் இன்னும் பேசப்படுகிறது.*

* பேசப்படவில்லை. நான்தான் பேசுகிறேன்.

ஆனால் அவர்களைக் கோழைகள் என்று யாரும் சொல்லிவிட முடியாது. அந்தப் புரட்டாசியில் நாடாளுமன்றத்துப் படை ஆற்றைத் தாண்டி இந்தப் பக்கம் வந்தபோது, வேலிக்குப் பின்னால் படுத்துக் கிடந்து, மூன்று நாள் மழையில் நனைந்து, அவர்களைத் துரத்தி அனுப்பியவர்கள் இவர்கள்தான். ஜாகோவுக்கு இடது கையில் இரண்டு விரல் போனது. "மூக்கை நோண்ட வலது கை இருக்கு," என்று சொல்லிக்கொண்டு திரிந்தான்.

இன்னொரு வழக்கத்தையும் சொல்ல வேண்டும். அது இல்லாமல் கதை இல்லை.

ஒவ்வொரு மே மாதமும் ஊரே சேர்ந்து ஊர் எல்லையைச் சுற்றி நடக்கும். கையில் தோல் உரித்த குச்சி. எல்லைக் கல் ஒவ்வொன்றையும் அந்தக் குச்சியால் அடிப்பார்கள். எல்லை மறந்துபோகாமலிருக்க, சின்னப் பிள்ளைகளைத் தூக்கி அவர்கள் தலையைக் கல்லில் மெல்ல முட்டுவார்கள். முரசு முன்னால் போகும். கடைசிக் கல் பாலத்தின் நடுவில் இருக்கிறது. அங்கே முரசு மூன்று அடி நிதானமாக அடித்து, ஒரு நீண்ட உருட்டல் உருட்டும். உடனே எல்லோரும் நின்ற இடத்திலேயே திரும்புவார்கள். பாலத்தின் இந்த முனையில் ரொட்டியும் சைடரும் காத்திருக்கும்.

[இப்போதும் நடக்கிறோம். நான் மருமகளாக வந்த வருஷம் என் தலையையும் முட்டினார்கள். கொஞ்சம் பலமாகவே முட்டினார்கள். முட்டியவர் லவ்டே அக்கா.]

4

இந்தப் பகுதியில் பாஸ்கோவை வீரனாக எழுதியிருந்தேன். உயரமானவன், எரியும் கண்கள், முதல் நாளே மனதுக்குள் முடிவு செய்துவிட்டவன். 'மன்னராவது மண்ணாங்கட்டியாவது' என்று ஒரு வசனம்கூட வைத்திருந்தேன். படித்துப் பார்த்தபோது எனக்கே எரிச்சல் வந்தது. அப்படி ஒருவன் என் கடைக்கு வந்தால் அவனுக்கு டீ கொடுத்துச் சீக்கிரம் அனுப்பிவிடப் பார்ப்பேன்.

அடுத்து கோழையாக எழுதினேன். அதுவும் ஒட்டவில்லை. நான்காம் பகுதியை நீக்கிவிட்டேன். எண்ணை மட்டும் விட்டுவைத்திருக்கிறேன்.

5

கர்னல் ஸர் ஹானிபல் பென்காரோ உத்தரவிட்டார்: காலை உணவு முடிந்ததும் படை பாலத்தைத் தாண்டி டெவனுக்குள் போக வேண்டும். மன்னருக்கு அங்கே ஆள் தேவை. ஊரில் பாதி வீடுகள் ஸர் ஹானிபலுக்குச் சொந்தம். மீதிப் பாதிக்கு அவருடைய மைத்துனர் சொந்தக்காரர். அதனால் தாண்டமாட்டோம் என்று வாய் திறந்து சொல்ல ஆளில்லை. எல்லோரும் வரிசையில் நின்றபடி தோட்டத்தில் அழுகும் ஆப்பிளைப் பற்றிப் பேசினார்கள்.

"ஊர்ப்படை ஊரைத் தாண்டாதுன்னு நீதானடா சொல்லிட்டுத் திரிஞ்சே," என்றான் ஒருவன், ஜாகோவிடம்.

"சொன்னேன். கடையில உக்காந்து சொன்னேன். கர்னல் முன்னாடி நின்னு நீ சொல்லேன், நான் பின்னாடி நின்னு தலையாட்டுறேன்."

"பாஸ்கோ சொல்லட்டும்டா. அவன்தானே முன்னாடி போறான்."

"அவனா! அவன் பொண்டாட்டி முன்னாடியே வாய் திறக்கமாட்டான்."

அவன் பொண்டாட்டி அந்த நேரம் பார்த்து வந்து சேர்ந்தாள். தாம்சின், கையில் பார்லி ரொட்டியும் உப்பு மீனும் கட்டிய துணி மூட்டையோடு, வரிசைக்குள் நேராகப் புகுந்து வந்தாள்.

"யோவ், நில்லு. இதைத் தின்னுட்டுப் போ."

"வரிசைக்குள்ள பொம்பளைங்க வரக் கூடாது, தாம்சின்."

"வரிசை எங்கயும் ஓடிடாது. தின்னு."

"எனக்கு இல்லையா, தங்கச்சி?" என்றான் ஜாகோ.

"உனக்கு முட்டை போட ஒரு படையே இருக்குதே அண்ணே, உனக்கு எதுக்கு ரொட்டி?" சிரிப்பு எழுந்தது. தாம்சின் சிரிக்கவில்லை. பாஸ்கோவின் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினாள். "நடுக்கல்லுக்கு இந்தப் பக்கம் நீ செத்தா ஊர் உன்னைப் புதைக்கும். எனக்கும் மாசா மாசம் தானியம் அளக்கும். அந்தப் பக்கம் செத்தா? அவனுங்க, இவன் எவனோன்னு பள்ளத்துல தள்ளிட்டுப் போவானுங்க. நம்மாளுங்க, எல்லை தாண்டிப் போனவன் பொண்டாட்டிக்கு நாங்க எதுக்கு அளக்கணும்னு கேப்பாங்க. இதுக்கு யாராவது பதில் வச்சிருக்காங்களா?"

"நான் சாகத்தான் போறேன்னு முடிவே பண்ணிட்டியா?"

"முடிவு பண்றவங்க குதிரை மேல இருக்காங்க. நான் கேக்குறேன், அவ்வளவுதான்."

பாஸ்கோ மென்றுகொண்டிருந்தான். வாயில் மீன் இருந்தது ஒரு வகையில் நல்லதாகப் போயிற்று.

புறப்பட்டார்கள். முன்னால் வெள்ளைக் குதிரையில் ஸர் ஹானிபல், அவர் பக்கத்தில் கொடி பிடிப்பவன், பின்னால் முரசு, அதன் பின்னால் படை. பாஸ்கோ நடையை அடித்துக்கொண்டே போனான். மனம் பட்டறையில் இருந்தது. வளையம் மாட்டி முடித்த ஒரு பீப்பாயைத் தண்ணீரில் ஊறப்போடாமல் வந்துவிட்டான். மரம் காய்ந்து பிளக்கும். தாம்சினிடம் சொல்லியிருக்கலாம். அவள் எங்கே சொல்லவிட்டாள். இப்படி யோசித்துக்கொண்டே நடந்தவனின் காலுக்குக் கீழே பாலம் வந்தது, பாலத்தின் நடுவில் கல் வந்தது.

மூன்று அடி, நிதானமாக. ஒரு நீண்ட உருட்டல்.

திரும்பி நாலடி நடந்த பிறகுதான் அவனுக்குத் தான் செய்தது உறைத்தது. முகம் பார்த்து வர வேண்டிய படை முதுகு காட்டிப் போய்க்கொண்டிருந்தது. ஒருத்தன் பாக்கியில்லாமல் திரும்பியிருந்தார்கள். ஜாகோ கைக் காயத்தோடு, தோளில் துப்பாக்கியோடு, மே மாதத்து நடையில் போய்க்கொண்டிருந்தான். பாலத்துக்கே இன்னும் வந்து சேராத கடைசி வரிசைக்காரன் ஒருவன், "ரொட்டி எங்கடா வச்சிருக்கீங்க?" என்று கேட்டது எல்லோருக்கும் கேட்டது.

யாரோ சிரித்தார்கள். பிறகு யாரும் சிரிக்கவில்லை. ஏனென்றால் திரும்பிப் பார்த்தபோது ஸர் ஹானிபல் அக்கரையில் நின்றிருந்தார், குதிரையும் கொடி பிடிப்பவனும் மட்டும் துணைக்கு. பழங்காலத்தில் ஹானிபல் என்ற தளபதி யானைப் படையோடு மலை தாண்டினாராம். இவர் தாண்டியதும் தாண்டுதல்தான், படைதான் கூட வரவில்லை. அக்கரை மேட்டில் மாடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு டெவன்காரன் தொப்பியைக் கழற்றி ஆட்டிக்கொண்டு, தொண்டை கிழியக் கத்தினான்.

"அரைப்பாலம்! போங்கடா, அரைப்பாலத்தானுங்களா!"

6

இங்கே லவ்டே அக்கா குறுக்கிட்டார். அவருக்குத் தமிழ் தெரியாது. கடையில் உட்கார வைத்துப் பாஸ்டியைக் கையில் கொடுத்து கதையை ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டிருந்தேன்.

"அப்ப தப்பா அடிச்சுட்டானா? அவ்வளவுதானா? நம்ம ஊரோட மானம் ஒரு கேனப்பயலோட கைப்பழக்கத்தாலயா போச்சு?"

"போச்சுன்னு யார் சொன்னா?"

"அவனை நல்லா வீரனா எழுதுடி. வேணும்னே திருப்பினான்னு எழுது. அதையாவது பொறுத்துக்கலாம்."

"வேணும்னே திருப்பலை அக்கா."

"உனக்கு எப்படித் தெரியும்? நீயாத்தானே எழுதுறே!"

பதிலுக்கு இன்னொரு பாஸ்டி கொடுத்தேன். ஆனால் பாஸ்கோ வேண்டுமென்றே திருப்பவில்லை என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். தமிழில் எழுதுவதால் லவ்டே அக்காவால் என்னைத் தடுக்கவும் முடியாது.

7

விசாரணை அன்று நண்பகலில், தேவாலயத்து வாசலில் நடந்தது. ஸர் ஹானிபல் கல் இருக்கையில் உட்கார்ந்திருந்தார். படை மொத்தமும் புல்வெளியில் நின்றது, பெண்கள் சுவரோரம். பாஸ்கோவின் கழுத்திலிருந்து முரசைக் கழற்றித் தரையில் வைத்திருந்தார்கள்.

ஸர் ஹானிபல் கெட்ட மனிதர் இல்லை. [இந்த வாக்கியத்தை மூன்று முறை அடித்தேன், மூன்று முறை திரும்ப எழுதினேன். இருக்கட்டும்.] கத்தவும் இல்லை.

"பாஸ்கோ, உன் அப்பன் செஞ்ச பீப்பாயிலதான் என் கல்யாணத்துக்கு சைடர் ஊத்தினோம். உன்னைத் தொங்கவிட எனக்கு ஆசையா?"

"இல்லைங்க எசமான்."

"மே மாசம் மாதிரி கை போயிடுச்சு. கைப்பழக்கம். அப்படித்தானே? அதை வாயால சொல்லிடு. எல்லாரும் ஒரு தடவை சிரிச்சுக்குவோம். சாப்பிட்டுட்டு மறுபடி நடப்போம். இந்தத் தடவை கவனமா அடி."

"அப்படிச் சொல்லலைன்னா, எசமான்?"

"சொல்லலைன்னா அது கலகம். பாலத்து முனையில ஓக் மரம் இருக்கு."

இதில் என்ன அடங்கியிருக்கிறது என்று எல்லோருக்கும் புரிந்தது. கைப்பழக்கம் என்றால் பாஸ்கோ பிழைப்பான், படை தவறைத் திருத்திக்கொண்டு ஆற்றைத் தாண்டும். இல்லை, ஊர்ப்படை ஊரைத் தாண்டாது என்று அவன் சொன்னால் அது ஊரின் உரிமைப் பேச்சாகிவிடும், அவன் தொங்குவான். உண்மையோ முதல் பதிலின் பக்கம்தான் இருந்தது. கை தானாகத்தான் போனது. உண்மையைச் சொன்னாலே போதும், உயிர் தப்பும்.

பாஸ்கோ கூட்டத்தைப் பார்த்தான். யாராவது ஒருவன் ஏதாவது சொல்வான் என்று நினைத்தான். கடையில் உட்கார்ந்து உரிமை பேசிய வாய்கள் எத்தனை! ஜாகோ குனிந்து தன் செருப்பு வாரை ரொம்ப அக்கறையாகச் சரிசெய்துகொண்டிருந்தான். மற்றவர்கள் மேகத்தைப் பார்த்தார்கள். அந்த நிமிஷம் பாஸ்கோவுக்குக் கோபம் வந்தது. கர்னல் மேல் வந்த கோபத்தைவிட இவர்கள் மேல் வந்ததுதான் அதிகம். காலையில் தான் அடித்த அடிக்கு ஒரு நொடிகூடத் தயங்காமல் திரும்பினார்களே! அவனுக்குத்தான் கைப்பழக்கம், இத்தனை பேருக்கும் என்ன பழக்கம்? போக மனமில்லாத கால்கள், ஒரு சாக்குக்காகக் காத்திருந்த கால்கள்.

[எழுதும்போது எனக்கும் கோபம் வந்தது. பேனாவை வைத்துவிட்டுப் போய்ப் பாத்திரம் கழுவினேன்.]

"கைப்பழக்கம்தாங்க எசமான்," என்றான் பாஸ்கோ.

புல்வெளி மூச்சு விட்டது. ஸர் ஹானிபல் எழுந்திருக்கப் போனார்.

"ஆனா கை செஞ்சது தப்பில்லைங்க."

ஸர் ஹானிபல் மறுபடி உட்கார்ந்தார்.

"யோசிக்காமத்தான் செஞ்சேன். நீங்க கேட்டப்புறம் நின்னு யோசிச்சுப் பாத்தேன். யோசிச்சாலும் அதேதான் வருது. இது ஊர் முரசு, மன்னர் முரசு இல்லை. துப்பாக்கியும் ஊரோடது. ஊரு எங்க முடியுதோ அங்க இது திரும்பும். என் அப்பன் திருப்பினாரு. நான் திருப்புறேன். அந்தக் கல்லுல முட்டாத தலை இங்க எதுங்க? உங்க தலையையும்தான் முட்டினாங்க. அன்னிக்கு நீங்க அழுதீங்கன்னு என் அப்பன் சொல்லியிருக்காரு."

சுவரோரம் ஒரு பெண் சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். ஸர் ஹானிபலின் கை, அவரை அறியாமலே, நெற்றிக்குப் போய்த் திரும்பியது. அதைப் பலர் பார்த்துவிட்டார்கள் என்று அவருக்கும் தெரிந்தது. அதன் பிறகு அவர் முகத்தில் கருணை இல்லை.

"முரசைத் தூக்கி மாட்டு," என்றார். "இப்பவே நடக்குறோம். நடுக்கல்லுல முன்னால போற அடி கேட்டா நீ உயிரோட இருப்பே. திரும்புற அடி கேட்டா கயிறு."

கயிற்றை ஓக் மரத்தின் கிளையில் போட்டு முடிச்சும் போட்டாயிற்று. காலையில் பட்ட பாட்டில் ஸர் ஹானிபல் ஒன்று கற்றுக்கொண்டிருந்தார்: இந்த முறை அவர் படைக்குப் பின்னால் குதிரையை நிறுத்தினார்.

8

முடிவுகள்.

(அ) லவ்டே அக்காவின் முடிவு. பாஸ்கோ முன்னால் போகும் அடியை அடிக்கிறான். படை ஆற்றைத் தாண்டி, டெவனை நொறுக்கி, சாயங்காலம் பாட்டுப் பாடிக்கொண்டு திரும்புகிறது. ஆறாவது பலகை தயார்.

(ஆ) அக்கரைக்காரர்களின் முடிவு. படை துப்பாக்கியைப் போட்டுவிட்டு ஓடுகிறது. அவர்களிடம் இதற்குப் பாட்டே இருக்கிறது. கேட்டாயிற்று.

(இ) எழுத்தாளர்கள் விரும்பும் முடிவு. பாஸ்கோ திரும்பும் அடியை அடிக்கிறான், தொங்குகிறான், கிளையில் ஒரு குருவி வந்து உட்கார்—

[நிறுத்துகிறேன். இதை எழுதவே மாட்டேன். அவனைத் தொங்கவிட்டால் எல்லோருக்கும் சௌகரியம். சிலை வைக்கலாம், வருஷத்துக்கு ஒரு முறை மாலை போடலாம், மாலை போட்டுவிட்டுச் செருப்பு வாரைச் சரிசெய்துகொண்டே வீட்டுக்குப் போகலாம். என் கதையில் அந்தக் கயிறு காலியாகத்தான் தொங்கும்.]

மூன்றையும் சொன்னேன். லவ்டே அக்கா பாஸ்டியின் ஓரத்தைப் பிய்த்துத் தட்டில் அடுக்கிக்கொண்டிருந்தார்.

"தாம்சின் என்ன செஞ்சா? அவளை விட்டுட்டியே," என்றார்.

அவர் கேட்டதால்தான் அடுத்த பகுதி வந்தது.

9

தாம்சின் பாலத்தின் கைப்பிடிச் சுவரோரம் படையோடு கூடவே நடந்தாள். இந்த முறை அவள் கையில் ரொட்டி இல்லை.

"யோவ். காலையில நான் சொன்னதை மறந்துடு. முன்னாலயே அடிச்சுத் தொலை."

"நீதானே சொன்னே, அந்தப் பக்கம் செத்தா—"

"அந்தப் பக்கம் போனா ஒருவேளை சாவே. இந்தப் பக்கம் திரும்பினா இன்னிக்கே சாவே. இதுகூடப் புரியலையா உனக்கு? எனக்குத் தானியம் வேணாம். நீ வேணும்."

பாஸ்கோ அவள் பக்கம் திரும்பிப் பார்த்தான். நடை அடி ஒன்று தப்பியது. பின்னால் வந்த கால்களும் ஒன்று தப்பின. அவன் கை எப்படிப் போனதோ அப்படியே அவை போயின, காலையில் போலவே. அவள் அதைக் கவனித்தாள். அவனை விட்டுவிட்டு வரிசையின் பக்கம் திரும்பினாள்.

"ஜாகோ அண்ணே!"

"தங்கச்சி, இது பேசுற நேரமா, பின்னாடி கர்னல்—"

"காலையில ஊரே திரும்புச்சு. விசாரணை அவன் ஒருத்தனுக்கு. இப்ப கயிறும் அவன் ஒருத்தனுக்கு. அவன் கையைப் பாத்துக்கிட்டே எத்தனை நாளைக்கு நடப்பீங்க? அவன் எதை வேணா அடிக்கட்டும். முன்னால போகச் சொல்லியே அடிக்கட்டும், நான் சொல்லிட்டேன், அடிப்பான். உங்களுக்குன்னு காலு இல்லையா?"

 ஜாகோ செருப்பு வாரைப் பார்ப்பதை நிறுத்தினான்.

10

போன சனிக்கிழமை அக்கரை அணி மறுபடி வந்தது. பாட்டு ஆரம்பித்தது. நான் கோப்பைகளை எட்ட வைத்துவிட்டு லவ்டே அக்காவைப் பார்த்தேன். அவர் வேலிவரை நடந்து போய், இரண்டு கையையும் வாயருகே குவித்துக் கத்தினார்:

"ஆமாடா! அரைப்பாலம்தான்! எங்க பாதி எங்களுக்குப் போதும்டா!"

திரும்பி வந்து மூச்சு வாங்கிக்கொண்டே கேட்டார். "ஆறாவது பலகையை என்ன பண்ணப் போறே?"

"காலியா விடப் போறேன். நடுக்கல்லுக்கு நேரா நிக்க வைக்கலாம்."

"விழாக்குழு ஒத்துக்காது."

"நீங்கதானே தலைவி."

"அந்தப் பயல் என்ன அடிச்சான்னு சொல்லவே மாட்டியா?"

"மாட்டேன்."

"திமிருடி உனக்கு," என்றார். எனக்கென்னவோ அது பாராட்டு மாதிரிதான் கேட்டது.

நீங்களும் அதையேதான் கேட்பீர்கள் என்று தெரியும். அவன் பிழைத்தானா, படை தாண்டியதா என்று. நான் எழுதினால் நீங்கள் படித்துவிட்டு, சரி, அப்படியா என்று மூடி வைப்பீர்கள். கர்னலுக்காகவும் சொல்லமாட்டேன், விழாக் குழுவுக்காகவும் சொல்லமாட்டேன், கதை கேட்டே பழகிய உங்களுக்காகவும் சொல்லமாட்டேன். பாலத்தின் நடுவில்தான் கதையை நிறுத்துகிறேன். இதற்கு அந்தப் பக்கம் என் வாக்கியங்கள் வராது.

நடுக்கல் வந்துவிட்டது. பாஸ்கோ யூரன் குச்சிகளை உயர்த்துகிறான். தாம்சின் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். படைக்குப் பின்னால் குதிரை கனைக்கிறது. முதல் வரிசையில் ஜாகோ. இரண்டாவது வரிசையில், ஊர்த் துப்பாக்கி ஒன்றைத் தோளில் சாய்த்துக்கொண்டு, நீங்கள். உங்கள் நெற்றியையும் சின்ன வயதில் இந்தக் கல்லில் முட்டியிருக்கிறார்கள். குச்சி இறங்குகிறது. முன்னால் போகச் சொல்லும் அடியா, திரும்பச் சொல்லும் அடியா என்று காது கொடுத்துக் கேட்காதீர்கள். எந்த அடியாக இருந்தாலும் சரி, உங்கள் கால்